ஆடு தின்னாத செடி

வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே சூப்பர்வைசர் சொன்னார்:
அரளிக்குத் தண்ணீர் கொஞ்சம் போதும்,
புகை குடித்தாலும் பூக்கும்,
எதிர்வண்டி வெளிச்சத்தை மறைக்கும்,
முக்கியமாக
ஆடு மாடு வாய் வைக்காது.

நாள் கூலி நானூற்று இருபது.
ஆரஞ்சுச் சட்டை ஒன்று, கத்தரி ஒன்று.
கத்தரியின் வாயில் அரிசியளவு உடைந்திருந்தது.
வெட்டும் கிளை ஒவ்வொன்றிலும்
சின்னதாய் ஒரு மேடு விட்டுப் போகும்.
மாற்றித் தரச் சொல்லிக் கேட்டேன்.
வெட்டுதா இல்லையா என்றார்.
வெட்டியது.

தொப்பூர் இறக்கத்தில் லாரிகள்
பிரேக் தீய்ந்த வாடையோடு இறங்கும்.
இரண்டு சாலைக்கும் நடுவே
போகிற காற்றும் வருகிற காற்றும்
சேலையை ஆளுக்கொரு பக்கம் இழுக்க
நின்று வெட்டப் பழகினேன்.

பங்குனியில், பெரிய அதிகாரி வருகிறார் என்று
ஆறு நாளில் ஒன்பது கிலோமீட்டர்.
வெட்டியதை யார்டில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும்.
டீசல் பத்தாது என்றான் டாட்டா ஏஸ் வேடியப்பன்.
மதகுக்குக் கீழே தள்ளினான்.
தள்ளினான் என்று சொல்லத்தான் ஆசை.
தள்ளினோம்.

பச்சையாய் இருக்கும்வரை
ஆடு முகர்ந்து பார்த்துவிட்டு விலகிவிடும்.
வெட்டிப்போட்ட நாலாம் நாள் வெயிலில்
கசப்பு வாடை மட்டும் போய்விடுமாம்,
நஞ்சு அப்படியே இருக்குமாம்.
எனக்குத் தெரியாது.
இதை எத்தனை பேரிடம் எத்தனை முறை சொன்னாலும்
சொல்லி முடித்ததாகத் தோன்றவில்லை.

ஏரியில் புல் இல்லை.
வேலியில் இலை இல்லை.
இருசாயியின் பதினாலு உருப்படியும்
நிழலுக்காக மதகடிக்குப் போயின.

பொழுது சாயும்போது
காது ஜில்லிட்டு, பல்லை நறநறவென்று கடித்து,
ஒவ்வொன்றாய்க் கால் மடங்கின.
சினையாடு ஒன்று சுவரில் தலையை முட்டி நின்றபடியே
நின்றபடியே இருந்து
பிறகு நிற்கவில்லை.

நல்லம்பள்ளியிலிருந்து ஸ்கூட்டரில் வந்தார்
டாக்டர் நிலோஃபர்.
மூச்சு இருந்தவற்றுக்குக் கரியைக் கரைத்து ஊற்றினார்.
நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார்:
"ரெண்டு அடிச்சு ஒண்ணு தப்புது."
செத்த கிடாயைச் சாக்கில் போட்டு அறுத்து
முழங்கை வரை உறையோடு இரைப்பைக்குள் கைவிட்டார்.

நீள இலை. நடுநரம்பிலிருந்து
சீப்புப் பல்லாய்ப் பிரிந்த கோடுகள்.
விரல் நீளம் ஒரு குச்சி.
செல்போன் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"இது கடிச்ச முனை இல்லம்மா,
வெட்டின முனை."

கூட்டத்தில் எட்டிப் பார்த்தேன்.
சரிவான வெட்டின் ஓரத்தில்
அரிசியளவு மேடு.

"என்ன தழை அது? அலமேலு,
நீ ரோட்ல வேலை செய்யறவ, உனக்குத் தெரியுமே"
என்றாள் இருசாயி.
"அரளி" என்றேன்.
அது எல்லாருக்கும் தெரியும்.
முனியப்பனுக்கு வெள்ளிதோறும் மாலை கட்டுகிற பூ.
அடுத்த கேள்விக்கு முன்னால்
மேலே ஒரு லாரி நீளமாய் ஹாரன் அடித்தது.
அதன் பின்னாலேயே ஒளிந்துகொண்டேன்.

பதினாலில் ஒன்பது.
காதில் வில்லை போட்டது இரண்டு.
வில்லைக்குத்தான் இன்சூரன்ஸ்.

விடிவதற்கு முன்
ஆரஞ்சுச் சட்டை இல்லாமல் மதகடியில் இறங்கினேன்.
சருகு கையில் நொறுங்கியது,
பாதி மண்ணோடு போனது.
ஏழாவது சாக்கைக் கட்டும்போது
மேலே கைப்பிடிச் சுவரில் இருசாயி நின்றிருந்தாள்.
எவ்வளவு நேரமாகவோ.

என்ன செய்கிறாய் என்று கேட்கவில்லை.
"இன்னும் எத்தன எடத்துல கொட்டுனீங்க?"

மூன்று என்றேன்.
சேலையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினாள்.
வேறு ஒரு பேச்சும் இல்லை.
வெறுங்கையால் அள்ளினாள்;
என் கையுறையைக் கழற்றி நீட்டியதை
அவள் வாங்கவில்லை.

தலைக்கு மேலே நடுத்திட்டில்
நான் வெட்டிய இடத்திலெல்லாம்
இரண்டிரண்டாய்த் துளிர்.